தொடாதே என்ற பாடத்துக்குப் பிறகு

(கிளிநொச்சியில் விஞ்ஞான ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையில் இருக்கும் இந்தப் போத்தலை முன்வரிசைப் பிள்ளைகள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "சேர், உது ஊறுகாய்ப் போத்தலோ?" என்று ஒரு தம்பி கேட்டும்விட்டார். ஊறுகாய் இல்லை, ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் செருகிய நூல்திரி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கள், இதன் பெயரை அவ சொல்லுவா.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். அந்தக் காலத்தில் எங்கள் சனம் கண்டுபிடித்த விளக்கு இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டதும் அந்தக் காலத்தில்தான். இன்று இங்கே ஆசிரியராக இருக்கும் பலர் இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பரீட்சை எழுதினீர்கள்.

இந்தப் பஞ்சைப் பாருங்கள். எண்ணெயைச் சிக்கனமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதோடு, விளக்கு சரிந்தால் எண்ணெய் ஓடிப் பாயில் பரவாது. கண்ணாடி காற்றைத் தடுக்கிறது. ஒரே பஞ்சு இரண்டு வேலை செய்கிறது. விளக்கு எரியவும் வேண்டும், வீடு எரியாமல் இருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் விடை தேடியது ஒரே மூளை, ஒரே நேரத்தில்.

இதே நாட்டில் வேறோர் இடத்தில் வேறொருவர் இதே கேள்வியைக் கேட்டார். வைத்தியர் விஜய கொடகும்புர ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி விளக்கு சரிந்து தீப்பிடித்து எரிகாயத்தோடு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்தவர். காயத்துக்கு மருந்து போட்டதோடு அவர் நிற்கவில்லை. விளக்கு ஏன் சரிகிறது என்று பார்த்தார். எறிந்த போத்தலில் செய்த விளக்கு உயரமாக இருக்கிறது, பாரம் இல்லை, தட்டுப்பட்டால் விழுகிறது. உருண்டை என்பதால் விழுந்ததும் உருள்கிறது. திரி பிடிக்கும் மூடி இறுக்கமில்லாததால் கழன்று எண்ணெய் கொட்டுகிறது. எண்ணெயைத் தேடி நெருப்பு வருகிறது. மார்மைற் போத்தலை மாதிரியாகக் கொண்டு, குட்டையாக, தடித்த கண்ணாடியில், உருளாமல் இருக்க இரு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கை வடிவமைத்தார். 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முயற்சி அது. 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

அவதானம், காரணம், மாற்றம், மறுபடி அவதானம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு விஞ்ஞான முறை என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். அந்த வைத்தியர் அதைப் பாதுகாப்புக்காகவே செய்தார். ஆனால் எங்கள் வகுப்பறையில் பாதுகாப்பு என்பது ஆய்வுகூடச் சுவரில் ஒட்டிய ஒரு தாள். முதல் தவணையில் வாசித்துக் காட்டுவோம். பிறகு அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பரிசோதனை ஒரு பாடம், பாதுகாப்பு வேறொரு அறிவித்தல் என்று பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

வன்னிப் பிள்ளை கற்ற முதல் பாதுகாப்புப் பாடம் பள்ளி ஆய்வுகூடத்தில் கிடைத்ததில்லை. காணியோரத்தில் கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்புப் பலகையில், மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே கிடைத்தது. தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். மீள்குடியேறிய காலத்தில் பாட்டாகவும் நாடகமாகவும் படமாகவும் அந்தப் பாடம் பள்ளிகளுக்கு வந்தது. அந்தப் பாடம் எத்தனையோ கைகளைக் காத்தது. அதைக் கற்பித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்தப் பாடத்தை நாங்கள் பாதியில் நிறுத்திவிட்டோம். 'தொடாதே' என்பதை ஆய்வுகூடத்துக்குள்ளும் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அலுமாரியில் பூட்டு. திறப்பு அலுவலகத்தில். கண்ணாடிப் பொருள் உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமென்ற பயம். ஆசிரியர் முன்னால் நின்று செய்து காட்ட, நாற்பது பிள்ளைகள் கைகட்டிப் பார்க்க, பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாமலே மணி அடித்துவிடும். சாதாரண தரப் பரீட்சையில் செய்முறைக்குத் தனிச் சோதனை கிடையாது. வினாத்தாளில் படத்தைக் கீறிப் பெயரிட்டால் புள்ளி வந்துவிடும். முகவையைக் கையில் பிடிக்காமலே முகவை கீறத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கியிருக்கிறோம். நானும் உருவாக்கினேன். அதற்காக வருந்துகிறேன்.

ஒருநாள் எட்டாம் ஆண்டில் ஒரு பிள்ளையிடம் நெருப்புப் பெட்டியைக் கொடுத்து மெழுகுதிரியைக் கொளுத்தச் சொன்னேன். கை நடுங்கியது. "ஏலாது சேர், பத்திப்போடும்" என்றாள். வீட்டில் விறகடுப்பு மூட்டுகிற பிள்ளை. அடுப்படியில் பயமில்லை, அங்கே தாயோடு நின்று பழகிய கை. ஆய்வுகூடம் என்றதும் அந்தக் கை தன் பழக்கத்தை மறந்துவிட்டது. அவளுக்கு அங்கே 'தொடாதே' மட்டும்தான் தெரியும்.

தொடாதே என்ற பாடத்தின் மற்றப் பாதி எங்கே இருக்கிறதென்று கேட்டால், அதுவும் எங்கள் மண்ணில்தான் இருக்கிறது. முகமாலைப் பக்கம் வெயிலில் முழங்காலில் நின்று கண்ணிவெடி அகற்றிய எங்கள் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற தாய்மார் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். எல்லாரும் தொடாமல் விலகிப்போகிற பொருளை அவர்கள் தேடிப்போகிறார்கள். எப்படிப் போகிறார்கள்? முகத்தை மூடிய, ஊடாகப் பார்க்கக்கூடிய தடித்த தகடு. உடலுக்குக் கவசம். அகலம் அளந்து கயிறோ கோலோ வைத்துக் குறித்த பாதை. கருவி ஒலித்தால் அவசரமில்லை. நின்று, குறித்து, பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கல். முடிந்த இடத்தைப் பதிந்து வைத்தல். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அந்தத் தாய்க்குத் தெரியும். இவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். கண் கவசம் எதற்கு என்று கொழும்புப் பிள்ளைக்கு விளக்க வேண்டியிருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு அது அம்மாவின் வேலைச் சாமான்.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: விதியைச் சொல்லும்போது காரணத்தைக் கையில் கொடுங்கள். 'அமிலத்துக்குள் நீர் ஊற்றாதே, நீருக்குள் அமிலத்தை ஊற்று' என்று மனனம் செய்த பிள்ளை, பரீட்சை மண்டபத்திலேயே அதை மாறி எழுதுகிறது. ஆய்வுகூடத்தில் மாறிச் செய்யாதா? செறிந்த சல்பூரிக்கமிலத்தின் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ 1.84 மடங்கு. மேலே ஊற்றிய நீர் கீழே இறங்காமல் அமிலத்தின் மேலே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் பெரும் வெப்பம் பிறக்கும். அந்த மெல்லிய நீர்ப்படை அங்கேயே கொதித்துத் தெறிக்கும், தெறிக்கும்போது அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். எண்ணெய் கொதிக்கிற தாச்சியில் ஈரக் கத்தரிக்காய் போட்டால் என்ன நடக்குமென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். இந்தப் படத்தை மனதில் பார்த்த பிள்ளை விதியை மறந்தாலும் விதியைத் திரும்பக் கண்டுபிடிக்கும்.

ஸ்பிரிட் விளக்கும் அப்படித்தான். எரிந்துகொண்டிருக்கும்போது மேலும் ஸ்பிரிட் ஊற்றக்கூடாது. அணைந்ததென்று நினைத்தும் ஊற்றக்கூடாது. ஆவியாகிற திரவம் அது. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலே எரியும். சுவாலை போத்தலுக்குள் தாவினால் போத்தல் பிடித்திருக்கிறவர் மட்டுமல்ல, எதிரே நிற்கிற பிள்ளையும் எரிவார். அமெரிக்கப் பள்ளிகளில் மெதனோலையும் உப்புகளையும் எரித்து வண்ணச் சுவாலை காட்டும் செய்முறையில் இப்படியே பல மாணவர் எரிகாயமடைந்தார்கள். செய்து காட்டியவர்கள் படித்த ஆசிரியர்கள், ஆசையோடு காட்டியவர்கள்.

உடையைப் பற்றி ஒரு சொல். பெற்றோர் இதைக் கவனியுங்கள். 2008 டிசெம்பர் 29ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஷெஹர்பானோ சாங்ஜி என்ற 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தைச் சிறிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிறிஞ்சின் தண்டு கழன்று திரவம் பற்றிக்கொண்டது. அவர் ஆய்வுகூட மேலங்கி போட்டிருக்கவில்லை. செயற்கை நூலால் நெய்த மேற்சட்டை போட்டிருந்தார். பதினெட்டு நாளில் இறந்துபோனார். செயற்கை நூல் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அப்படி ஒட்டாது. எங்கள் பெண்பிள்ளைகளின் இரட்டைப் பின்னலும் றிபனும், ஆண்பிள்ளைகளின் கழுத்துப்பட்டியும் சுவாலைக்கு மேலே தொங்கும். பின்னலைப் பின்னால் கட்டவும் கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகவும் காசு தேவையில்லை. அப்பாவின் பழைய பருத்திச் சேட்டை முன்பின்னாகப் போட்டால் மேலங்கி.

இனி, பரிசோதனை என்று எதைச் செய்விப்பது? அமிலமும் சோடியமும் வேண்டியதில்லை. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் போதும். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரோடு வாழ்கிற சனம் நாங்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு, பிள்ளைகளின் பல்லில் கறை. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பல குடும்பங்களை உருக்குலைத்தது. குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்கிற பழக்கம் இந்தப் பிரதேசத்துப் பிள்ளைக்கு மற்றெவரையும் விட அவசியம். ஆகவே ஏழாம் ஆண்டில் நான் செய்வித்தது இது: ஒரே அளவு போத்தல்கள். வீட்டுக் கிணற்று நீர், குளத்து நீர், மழை நீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர். சவர்க்காரக் கரைசல் பத்துத் துளி, எண்ணிப் போட வேண்டும். மூடி, இருபது தரம் குலுக்கி, நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். செய்யுமுன் 'நான் நினைப்பது' என்று ஒரு வரி. செய்தபின் 'நான் கண்டது' என்று ஒரு வரி. முதல் வரியைப் பிறகு அழிக்கக்கூடாது.

ஒரு பிள்ளை மழை நீரில் நுரை குறைவு என்று எழுதியிருந்தாள். மழை நீர் மென்னீர், நன்றாக நுரைக்க வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். "பிழை பிள்ளை, போத்தலை மாத்திப் போட்டிருப்பாய்" என்றேன். அவள் அழவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து மறுபடி தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நீங்களே குலுக்கிப் பாருங்கோ சேர்." குலுக்கினேன். நுரை இல்லை. வெள்ளையாகத் திரைந்தது.

அன்றைய பாடம் அத்தோடு நின்றது. எங்கே பிடித்த தண்ணீர் என்று வகுப்பே கேட்கத் தொடங்கியது. கூரையிலிருந்து பீலி வழியாகத் தொட்டிக்கு வருகிறதாம். தொட்டி எப்படிப்பட்டது? புதுத் தொட்டி, போன மாதம்தான் கட்டியது. எதால் கட்டியது? சீமெந்தால். பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன் எழும்பினான், தகப்பன் மேசன். "சேர், புதுச் சீமெந்துத் தண்ணி கையைத் தின்னும். அப்பாவின்ர விரல் இடுக்கெல்லாம் புண்." மஞ்சள் தோய்த்த தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தோம். செம்பழுப்பாக மாறியது. காரம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து மழை நீரை வன்னீராக்கியிருந்தது. பிள்ளை கண்டது சரி. வெட்டியது நான்.

அந்த வெட்டை நானே அழித்து, பக்கத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு பாடத்தில் எல்லாம் வந்துவிட்டது. மாறிகளைக் கட்டுப்படுத்துவது வந்தது. எதிர்பாராத முடிவை மறைக்காமல் எழுதுவது வந்தது. ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், அதை வெறுங்கையால் குழைக்கக்கூடாது, காலில் பட்டால் உடனே கழுவவேண்டும் என்ற பாதுகாப்பும் அதே மூச்சில் வந்தது. அந்தப் பெடியன் வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்கு றப்பர் கையுறை வாங்கச் சொல்லியிருக்கிறான். சுவரில் ஒட்டிய தாள் இதைச் செய்யாது.

கண்டதைக் கண்டபடி எழுதுவது உயிர் காக்கும். பாடத்துக்கு எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் அப்படித்தான். 1811இல் பியர் துலோங் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நைதரசன் திரைகுளோரைட்டைக் கண்டுபிடித்தபோது அது வெடித்து ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். அந்தப் பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டு இங்கிலாந்தில் விஞ்ஞானி ஹம்பிரி டேவி 1812இல் தானும் செய்தார். அவருக்கும் கண்ணில் காயம். எழுத முடியாமல் இருந்த டேவிக்கு எழுதிக் கொடுக்க வந்த இளைஞர்தான் மைக்கேல் பரடே. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். டேவியின் விரிவுரைகளைக் குறிப்பெடுத்துத் தானே கட்டி அவரிடம் கொடுத்தவர். பரடேயும் அதே பொருளால் கையில் காயப்பட்டார். அவரே பிற்காலத்தில் 1860 – 61 நத்தார்க் காலத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு மெழுகுதிரியை மையமாக வைத்து ஆறு விரிவுரை செய்தார். வெடிப்பைக் கண்ட மனிதர் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்தது வீட்டிலுள்ள ஒரு சுவாலையை. அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பெயர்ச்சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பயிருக்கு அடிக்கிற மருந்து சோடாப் போத்தலில் இருக்கிறது. பெரியவருக்குத் தெரியும், தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்குத் தெரியாது. பெயரில்லாத போத்தல் எங்கள் மண்ணில் மிதிவெடிக்கு அடுத்தது. ஆய்வுகூடத்தில் பெயர் உண்டு, ஆனால் ஆங்கிலத்தில். வாசிக்க முடியாத பெயர் இல்லாத பெயர்தான். மானிப்பாயில் இருந்து மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவ மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். இரசாயனத்துக்கும் தமிழில் நூல் வேண்டுமென்று நின்றார். 'கெமிஸ்தம்' என்ற அந்த நூல் 1875இல் அச்சாகி வந்தது. அவ்வளவு காலத்துக்கு முன் ஒரு வேற்றுநாட்டவருக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்ற வேண்டாமா? இந்த வாரமே ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் பெயர், ஆபத்து என்ன, பட்டால் என்ன செய்வது என்று மூன்று வரி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளே எழுதட்டும். கையெழுத்து நல்ல பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தண்ணீர். கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம், இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். சுட்ட கைக்கு இருபது நிமிடம் குளிர்ந்த நீர். பற்பசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். மாசியில் எங்கள் பள்ளிகளின் குழாயில் அவ்வளவு நேரம் தண்ணீர் வருமா? வராவிட்டால் ஆய்வுகூட வாசலில் குழாய் பூட்டிய ஒரு பரல். காலையில் நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு. பரல் வெறுமையாக இருந்தால் அன்று பரிசோதனை இல்லை என்று ஆசிரியருக்குச் சொல்லும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும். உரிமையில்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்துப் பழகிவிட்டோம்.

நேரமாகிவிட்டது. இந்த விளக்கை இன்னும் கொளுத்தவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் நாலு பேர் எழும்பி வாருங்கள். தங்கச்சி, பின்னலைப் பின்னுக்கு முடிந்துகொள்ளுங்கோ. தம்பி, கழுத்துப்பட்டியை உள்ளே விடும். கொளுத்துமுன் சுற்றிப் பாருங்கள்: மணல் வாளி எங்கே இருக்கிறது? அந்த மூலையில். நனைத்த சாக்கு? மேசைக்குக் கீழே. தண்ணீர் வாளியும் இருக்கிறது, ஆனால் அது எண்ணெய் நெருப்புக்கு இல்லை. ஏன் என்று உங்களில் யாருக்குத் தெரியும்? சரி, தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு நெருப்புப் பெட்டியை உங்கள் கையில் தருகிறேன்.